தோட்டக் குளத்தில் எத்தனை மீன் வாழும்?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டு முதுமொழி. பொருளைச் செலவிடுவார்க்குக் கூறப்பட்ட இம்மொழி, தோட்டத்திலே குளம் அமைத்து அதில் மீன் விடுவார்க்கும் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாகும். இல்லத்தின் முன்றிலிலும், கல்விச்சாலைகளின் பூங்காவிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, அல்லி நட்டு, பொன்மீன் விட்டு மகிழ்வார் பலர். சில நாள் அது கண்ணுக்கு விருந்தாக விளங்குகின்றது. பின்னர் ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் வெண்ணிற வயிற்றை மேலே காட்டி மிதக்கின்றன. நீரோ தெளிந்தே இருக்கின்றது; உணவும் குறைவின்றி இடப்பட்டது; நோயின் குறியும் காணப்படவில்லை. கண்ணேறு பட்டது என்பர் சிலர். எவரோ நஞ்சு கலந்தனர் என்பர் வேறு சிலர். பெரும்பாலும் உண்மை யாதெனின், குளம் தாங்கும் அளவுக்கு மிஞ்சி மீன் விடப்பட்டது என்பதே. அவ்வளவு யாது, அதனை எங்ஙனம் கணக்கிடுவது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

பொய்கை என்பது மக்களால் ஆக்கப்படாத நீர்நிலை என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். அத்தகைய இயற்கை நீர்நிலையில் மீன்களை எவரும் எண்ணி வைப்பதில்லை. தொகை மிகுந்தால் உணவு குறையும். கொக்கும் நாரையும் வந்து கூடும். பெரிய மீன் சிறிய மீனை உண்ணும். மழைக்காலத்தில் புதுநீர் பாய்ந்து பழைய நீரைக் கழிக்கும். இவ்வாறு இயற்கையே கூட்டியும் கழித்தும் கணக்கை நேர் செய்துவிடுகின்றது. தோட்டக் குளமோ நாற்புறமும் சுவர் உடையது. நீர் வரும் வழியும் போகும் வழியும் நம் கையில் உள்ளன. அதனுள் விடப்பட்ட மீன் வேறிடம் நாடிச் செல்ல இயலாது. ஆகவே, இயற்கை செய்து வந்த கணக்கைக் குளம் கட்டியவனே செய்தல் வேண்டும். செய்யாதொழியின் அதன் பயனை மீன்களே அனுபவிக்கும்.

நீரினுள் உள்ள காற்று

மீனுக்கு வேண்டுவது நீர் மட்டுமே என்று எண்ணுதல் தவறு. நமக்குக் காற்று எவ்வாறோ, அவ்வாறே மீனுக்கு நீரிலே கரைந்துள்ள பிராணவாயு இன்றியமையாதது. வாயின் வழியே புகும் நீர் செவுள்களின் வழியே வெளியேறும்போது, அந்நீரிலுள்ள பிராணவாயுவைச் செவுளின் குருதி கவர்ந்துகொள்கின்றது. கரியமில வாயுவை வெளியே விடுகின்றது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுவாகும். நீரிலோ அது மிக அரிதாகவே கிடைக்கின்றது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஒரு லிட்டர் நன்னீர் காற்றிலிருந்து கொள்ளக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 9 மில்லிகிராம். அதே கொள்ளளவுள்ள காற்றிலிருப்பதில் இது முப்பதில் ஒரு பங்கும் இல்லை. நீர் சூடேறுந்தோறும் இச்சிறு அளவும் குறைகின்றது. 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே நிற்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் ஆகிவிடும்.

இங்கே ஒரு முரண்பாடு காண்க. மீன் நம்மைப் போல உடல் வெப்பத்தை ஒரு நிலையில் வைத்துக்கொள்வதன்று. நீர் சூடேறினால் அதன் உடலும் சூடேறும். வெப்பம் 10 டிகிரி மிகுந்தால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ இருமடங்காகும். எனவே கோடையில் வரவு சுருங்குகின்றது. அதே காலத்தில் செலவு பெருகுகின்றது. குளிர் நாட்டு நூல்களில் காணும் அளவுகளை அப்படியே எடுத்து நம் நாட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுதல் கூடாமைக்கு இதுவே முதற் காரணம்.

வயற்சேற்றில் விரால் மீன் உயிரோடு கிடப்பதைக் கண்டவர், எல்லா மீனும் அங்ஙனம் வாழவல்லன என்று கருதுதல் ஆகாது. விராலும் பனையேறிக் கெண்டையும் நீருக்கு மேல் தலை நீட்டி நேரே காற்றை உட்கொள்ளும் உறுப்புடையன. பொன்மீனுக்கும் வண்ணக்கெண்டைக்கும் அவ்வுறுப்பு இல்லை.

ஆழமா, பரப்பா?

குளத்தின் தாங்கும் ஆற்றலைக் கொள்ளளவால் மட்டும் மதிப்பிடுவார் பலர். காற்றிலுள்ள பிராணவாயு நீரினுட் புகும் வாயில் மேற்பரப்பு ஒன்றே என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 120 கன அடி. அஃதாவது ஏறத்தாழ 3,400 லிட்டர். அதன் மேற்பரப்பு 60 சதுர அடி. மற்றொருவர் 5 அடி நீளமும் 3 அடி அகலமும் 8 அடி ஆழமுமாகக் கிணறு போன்ற தொட்டி ஒன்றைக் கட்டுகின்றார். கொள்ளளவு அதே 120 கன அடியே. மேற்பரப்போ 15 சதுர அடிதான். இரண்டிலும் நீர் ஒன்றே. ஆயின் இரண்டாவது தொட்டியின் வாயில் முதலதில் காற்பங்கேயாகும்.

மேலும், அசையாத நீரில் பிராணவாயு தானே பரவுவது மிகவும் மெதுவானது. காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவானது. வெயிலால் சூடேறிய நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் கீழே தங்கிவிடுவதால் மேல்நீரும் கீழ்நீரும் எளிதிற் கலப்பதில்லை. ஆழத்தினால் பயனில்லை என்பதன்று. ஒன்றரை அடிக்குக் குறைந்த தொட்டி கோடைவெயிலில் விரைந்து சூடேறிவிடும். ஆயினும் இரண்டு மூன்று அடிக்கு மேல் ஆழப்படுத்துவதால் மீன் தொகையை அதற்குத் தக்கபடி உயர்த்தலாம் என்று எண்ணுதல் பொருந்தாது.

அங்குலக் கணக்கும் அதன் குறையும்

மீன் வளர்ப்போரிடையே நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு ஒன்று உண்டு. மீனின் நீளத்தை, வால் நீங்கலாக, அங்குலத்தில் அளந்து, அத்தனை அங்குலத்திற்கு இத்தனை பரப்பு என்று வகுப்பது அது. வீட்டினுள் வைக்கும் கண்ணாடித் தொட்டியில் பொன்மீனுக்கு அங்குலம் ஒன்றுக்கு 24 சதுர அங்குலப் பரப்பு என்பர். தோட்டக் குளத்திற்கு அதனினும் தாராளமாக, அங்குலம் ஒன்றுக்கு ஒரு சதுர அடி என்று கொள்வர். முதற் கணக்கின்படி நம் 60 சதுர அடித் தொட்டியில் 360 அங்குல மீன் விடலாம். இரண்டாம் கணக்கின்படி 60 அங்குல மீனே விடலாம். இவ்விரண்டனுள் எது தக்கது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்கணக்கில் மறைந்துள்ள குறை ஒன்று உண்டு. ஓரங்குல மீன்கள் ஆறும் ஆறங்குல மீன் ஒன்றும் சமம் என்பதாக இது கூறுகின்றது. மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலத்திலும் தடிப்பிலும் உடன் வளர்கின்றது. நீளம் ஆறு மடங்கானால் எடை 6 × 6 × 6, அஃதாவது 216 மடங்காகும். பெரிய உடல் தன் எடைக்குச் சற்றுக் குறைவாகவே சுவாசிக்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஆறங்குல மீன் ஒன்று ஓரங்குல மீன்கள் ஏறத்தாழ அறுபதுக்கு வேண்டும் பிராணவாயுவைக் கொள்ளும்.

இதனின்று பெறப்படும் பாடம் யாது? விற்பனைக்கு வரும் குஞ்சின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுதல் ஆகாது. முதிர்ந்த மீனின் நீளத்தைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும். கடையில் இரண்டங்குலமாக இருக்கும் பொன்மீன் குளத்தில் ஆறங்குலமோ அதற்கு மேலுமோ வளரும். பத்தாண்டும் அதற்கு மேலும் வாழவல்லது. கோய் எனப்படும் ஜப்பானிய வண்ணக்கெண்டையோ இரண்டடி நீளமும் 3 கிலோகிராமுக்கு மிஞ்சிய எடையும் எய்தும். குஞ்சாக வாங்கும்போது இரண்டும் ஒத்த அளவினவாகவே தோன்றும்!

இரவின் கணக்கு

"குளத்தில் நீர்ச்செடிகள் உள்ளனவே, அவை பிராணவாயு தாராவோ?" என்று வினவலாம். இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு சுவையுடையது. 1771இல் ஆங்கில நாட்டு ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி ஒன்று மீண்டும் நல்லதாக்குவதைக் கண்டார். 1779இல் ஹாலந்து தேசத்தவரான யான் இங்கென்ஹூஸ் என்பார், செடியின் பசுமையான பகுதிகள் மட்டுமே, அதுவும் ஒளியில் மட்டுமே இச்செயலைச் செய்கின்றன என்றும், இருளில் செடியும் காற்றைக் கெடுக்கின்றது என்றும் நிறுவினார்.

பின்னர், 1849இல் இலண்டன் மாநகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் பன்னிரண்டு காலன் கொள்ளும் பாத்திரம் ஒன்றில் நீர் ஊற்றி, சிறு பொன்மீன்கள் இரண்டை விட்டு, நாடா போன்ற இலையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டை நட்டு வைத்தார். சில காலத்தில் அழுகிய இலைகளால் நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட, அவை அழுகலையும் பாசியையும் உண்டு நீரைத் தெளிவித்தன. மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று துணையாய் நின்று வாழ்ந்தன. இவ்வரிய சோதனையில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. பன்னிரண்டு காலன் பாத்திரத்திற்கு அவர் விட்ட மீன்கள் இரண்டே; அவையும் சிறியன.

இங்கென்ஹூஸ் கண்ட உண்மையே நம் கணக்கின் உயிர்நிலை. பகலில் செடியும் பாசியும் பிராணவாயுவை ஈகின்றன. கதிரவன் மறைந்தபின் அவையும் மீன்களோடு சேர்ந்து அதனைச் செலவிடுகின்றன. அடிச்சேறும் அழுகும் இலைகளும் அவற்றிலுள்ள நுண்ணுயிர்களும் இரவு முழுதும் அதனையே உண்ணுகின்றன. எனவே மாலையில் மிகுந்திருக்கும் பிராணவாயு இரவெல்லாம் இறங்கி, விடியற்காலையில் மிகக் குறைந்த நிலையை அடைகின்றது. மாலைப்பொழுதில் துள்ளித் திரிந்த மீன்கள் காலையில் மாண்டு கிடப்பதன் காரணம் இதுவே. குளம் எத்தனை மீனைத் தாங்கும் என்னும் வினாவுக்கு விடை கூறுவது நண்பகற் குளமன்று. கோடைக்காலத்துக் காற்றசையாத இரவின் கடைசி நாழிகையில் உள்ள குளமேயாம்.

இனி, நம் தொட்டியின் வரவு செலவைப் பார்ப்போம். நீரின் வெப்பம் 30 டிகிரி, லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வீதம் 3,400 லிட்டரில் மாலையில் ஏறத்தாழ 25 கிராம் பிராணவாயு உள்ளது. விடியும்போது லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் எஞ்சி நிற்க வேண்டும் எனக் கொள்வோம். ஆகவே இரவில் செலவிடத்தக்கது லிட்டருக்கு 3.5 மில்லிகிராம், மொத்தம் ஏறத்தாழ 12 கிராம். இதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாசியும் செடியும் சேறும் கொள்ளும் எனக் கொண்டால், மீனுக்கு எஞ்சுவது 4 கிராம். இரவில் மேற்பரப்பின் வழியே புதிதாகப் புகும் சிறிதளவைக் கணக்கிற் சேர்க்காமல் காப்புப் பொருளாக வைப்போம்.

ஆறங்குலம் வளர்ந்த பொன்மீனின் எடை ஏறத்தாழ 100 கிராம். இவ்வெப்பத்தில் கிலோகிராம் ஒன்றுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும் எனக் கொண்டால், மீன் ஒன்றுக்கு மணிக்கு 30 மில்லிகிராம். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 360 மில்லிகிராம். 4 கிராமை இதனால் வகுத்தால் வருவது 11 மீன். அங்குலம் ஒன்றுக்குச் சதுர அடி ஒன்று என்னும் பழைய கணக்கும் 60 அங்குலம், அஃதாவது ஆறங்குல மீன் பத்து என்றே கூறுகின்றது. வெவ்வேறு வழியிற் சென்ற இரு கணக்கும் ஏறத்தாழ ஓரிடத்தில் வந்து கூடுதல் காண்க. 24 சதுர அங்குலக் கணக்கை நம்பி 60 மீன் விட்டிருந்தாலோ, அவை மட்டுமே ஓர் இரவில் 21 கிராமுக்கு மேல் கேட்கும். நீரில் இருப்பதே 25 கிராம்! முதிர்ந்த வண்ணக்கெண்டைக்கு இத்தொட்டி ஒன்றுக்கே போதாது. அங்குலக் கணக்கு இரண்டை அனுமதிப்பினும் அது பொருந்தாது.

கழிவின் கணக்கு

மூச்சுக்கு இடமிருந்தால் மட்டும் போதாது. மீன் உண்ட உணவிலுள்ள புரதத்தின் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரிற் கலக்கின்றது. 100 கிராம் மீன்தீனியிலிருந்து ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிப்படும். நம் பத்து மீன்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் தீனி இட்டால், நாள்தோறும் 0.3 கிராம் நீரில் சேரும். அகற்றுவாரில்லையேல் பத்து நாளில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.9 மில்லிகிராம் ஆகிவிடும்.

இவ்வம்மோனியா எந்நேரமும் ஒரே அளவு நஞ்சாவதன்று. நீரின் அமில கார நிலையைக் காட்டும் எண் 7ஆக நடுநிலையில் இருந்தால் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே கொடிய வடிவில் இருக்கும். அவ்வெண் 9ஆகக் காரம் ஏறிவிட்டால், வெப்பமான நீரில் ஏறத்தாழப் பாதி கொடிய வடிவை அடையும். பாசி மிகுந்து பச்சையான குளத்தில், பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் பிற்பகலில் காரநிலை இவ்வாறு உயர்வதுண்டு. ஆகவே பச்சைக் குளத்தில் மீனுக்கு விடியற்காலையில் மூச்சுமுட்டலும் பிற்பகலில் நஞ்சும் ஆக இருவேளைத் துன்பம் நேரலாம்.

இந்நஞ்சை மாற்றும் துணைவர் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்கள். ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும்; நைட்ரேட்டைச் செடிகள் உரமாக உண்ணும். ருஷிய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இவ்வுயிர்களைப் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியின் கல்லிலும் மணலிலும் இவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன்கள் அனைத்தையும் ஒருங்கே விட்டுவிடுவதே புதுக்குளங்களில் நேரும் பேரிழப்புக்குப் பெருங் காரணம். இவையும் தம் தொழிலுக்குப் பிராணவாயுவைக் கொள்வன என்பதை மறத்தலாகாது. எனவே மீன்களை எண்ணுதலினும், இடும் தீனியை எண்ணுதல் ஒருவகையில் உண்மையான கணக்காகும். விருந்தினர் வருந்தோறும் மீன் துள்ளுவதைக் காட்டப் பொரியும் ரொட்டியும் வீசும் இல்லத்தில் பத்து மீன் குளமும் இருபது மீன் குளமாகிவிடும்.

செய்முறை

மேற்கூறியவற்றைச் சுருக்கிச் செய்முறையாகக் கூறுவாம். முதலாவது, குளத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிச் சதுர அடி காண்க. இரண்டாவது, வளர்க்க விரும்பும் மீன் முதிர்ந்தால் எத்தனை அங்குலம் என்று தெரிந்து, சதுர அடியின் தொகையை அதனால் வகுக்க. வரும் ஈவே மேலெல்லை. மூன்றாவது, அத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் விட்டு, ஆறு வாரம் கழித்து எஞ்சியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்க. நான்காவது, அல்லி தாமரை இலைகள் நிழல் தருவன ஆயினும், மேற்பரப்பில் பாதியேனும் மூடப்படாதிருக்கச் செய்க. ஐந்தாவது, கோடையில் நீர் நாளொன்றுக்குக் கால் அங்குலமேனும் வற்றுவதுண்டு. இரண்டடித் தொட்டியில் அரையடி வற்றினால் நம் இருப்பிற் காற்பங்கு போய்விட்டது என்றறிந்து நீரை நிரப்புக. குழாய் நீராயின் அதிற் கலந்துள்ள குளோரின் செவுளைப் புண்படுத்தும்; வெயிலில் வைத்து அது நீங்கியபின் விடுக.

நீரூற்றும் காற்றுக்குழாயும் பெருந்துணை செய்வனவே. ஆயினும் பலர் நீரூற்றை மாலையில் அழகுக்காக ஓட்டிவிட்டு, உறங்கச் செல்லும்போது நிறுத்திவிடுகின்றனர். அதன் உண்மையான பயன் இரவின் பிற்பகுதியிலேயே வேண்டப்படுகின்றது. மேலும், இயந்திரத்தை நம்பி இருமடங்கு மீன் விட்ட குளத்தில், நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனால் காக்க வல்லது யாது? ஆதலின் இயந்திரம் நின்றாலும் ஓர் இரவு வாழத்தக்க தொகையையே விடுதல் அறிவுடைமை. இயந்திரம் மீன்களுக்குக் காப்பாக இருக்கட்டும். மிகுதியாக விடுவதற்கு உரிமைச் சீட்டாக வேண்டாம்.

எல்லாக் கணக்கிற்கும் மேலான சான்று ஒன்று உண்டு. வெயில் மிகுந்த பருவத்தில் கதிரவன் தோன்றுமுன் குளக்கரைக்குச் சென்று பார்க்க. மீன்கள் நீருக்குள் அமைதியாக இருப்பின் கணக்கு நேர். மேற்பரப்பில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், ஏட்டில் எவ்வளவு அழகாகக் கணக்கிட்டிருப்பினும் தொகை மிகை என்று தெளிக. அந்நேரத்தில் உணவிடாது, நீரை மேலிருந்து ஊற்றிக் கலக்கி மூச்சுக்கு உதவி செய்து, அன்றே சில மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும்.

மீன்கள் தாமே பெருகும் என்பதையும் எதிர்பார்த்தல் நன்று. பொன்மீன் ஒருமுறையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் இடும். அவற்றிற் பல உண்ணப்பட்டாலும் சில பிழைக்கும். மிகுந்தவற்றை வேண்டுவோர்க்கு ஈக. ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுதல் இரக்கம் போலத் தோன்றினும், அயல்நாட்டு மீன் நம் நீர்நிலைகளிற் பெருகினால் அங்குள்ள கெண்டைக்கும் கெளுத்திக்கும் கேடு விளையும்.

குளம் நிறைய மீன் இருப்பதே அழகு என்று எண்ணுவார் உளர். பத்து மீன் பத்தாண்டு வாழும் குளமும், அறுபது மீன் பத்து நாள் வாழும் குளமும் கட்டுதற்கு ஒரே செலவுதான். சுவரெழுப்பி ஓர் உயிரை உள்ளே வைத்தவன் அதன் மூச்சுக்கும் பொறுப்பாளன் ஆகின்றான். அப்பொறுப்பை நிறைவேற்ற வேண்டுவன ஓர் அளவுகோலும், சிறு பெருக்கல் வகுத்தலும், விடியுமுன் எழுந்து பார்க்கும் பழக்கமுமே யாம்.